36 தலைகள் உருளாத ஒரு காலை

ஜப்பானில் கோதான் என்றொரு கதை சொல்லும் கலை உண்டு. சின்ன மேசைக்குப் பின்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, மடித்த விசிறியால் மேசையை ஓங்கித் தட்டி, போர்க்கதையும் பழிக்கதையும் சொல்வார்கள். விசிறி விழும் வேகம் கூடக் கூட, கதையில் தலைகளும் உருளும். அப்படிப் பல தலைமுறைகள் கேட்டு வளர்ந்த பெயர் அராகி மதாயெமோன். 1634ஆம் ஆண்டு குளிர்காலத்தில், இகா உயெனோ என்னும் கோட்டை ஊரின் எல்லையில், காகியா சந்தியில், ஒற்றை ஆளாக நின்று 36 பேரை வெட்டிச் சாய்த்தவர் என்று அவரைச் சொல்வார்கள்.

அன்று அவர் எதிர்நின்று வீழ்த்தியது இரண்டு பேரை.

36ஐவிட அந்த இரண்டைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். வாள் பிடித்த உடம்பு எவ்வளவு தாங்கும், எங்கே கைவிடும் என்பதை அந்த 36 மறைத்துவிடுகிறது. கூடவே, அன்று உயிரைப் பணயம் வைத்த வேறு மூன்று மனிதர்களையும் மறைத்துவிடுகிறது.

மியே மாநிலத்தில் ஒரு கார் உதிரிபாக ஆலையில் வேலை பார்த்த காலத்தில் இந்தக் கதை எனக்கு அறிமுகமானது. மாலையில் ஊர்ப் பயிற்சிக் கூடத்தில் கெண்டோ பழகினேன். அதற்கு முன்பே, விருதுநகர்ப் பக்கத்துக் கிராமத்தில் சிறுவயதிலேயே கம்பு பிடித்தவன் என்பதால், ஒருவன் பலரோடு மோதும் காட்சி எனக்குப் புதிதல்ல. எங்கள் பொங்கல் விழாவில் நாலு பேர் சூழ்ந்து நிற்க, நடுவில் ஒருவர் கம்பு சுற்றுவார். கூட்டம் ஆர்ப்பரிக்கும். ஆனால் அந்த நாலு பேரும் ஒரே நேரத்தில் அடிக்காமல், முறைவைத்து ஒவ்வொருவராகத்தான் உள்ளே வருவார்கள். ஆசான் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருப்பார். அது அலங்காரச் சிலம்பம். அதற்கென்று ஓர் அழகு உண்டு, அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். இகாவில் நடந்தது வேறு. அங்கே எதிரிக்கு யாரும் முறை சொல்லிக் கொடுக்கவில்லை. முறையை மதாயெமோனே உண்டாக்க வேண்டியிருந்தது.

பகையின் வேர் ஒகயாமாவில் இருக்கிறது. 1630இல் அங்கே கவாய் மதகோரோ என்ற இளம் சாமுராய், பிரபு இகெதாவின் அன்புக்குரிய பணியாளான வத்தனாபே கெந்தயூவைக் கொன்றுவிட்டு, ஷோகுன் ஆண்ட எதோ நகரத்துக்கு ஓடிவிட்டான். அங்கே ஷோகுனின் நேரடிச் சேவகர்களான ஹதமோத்தோக்கள் அவனை ஒளித்துவைத்தார்கள். பிரபு கேட்டும் ஒப்படைக்க மறுத்தார்கள். ஒரு கொலைவழக்கு பிரபுக்களுக்கும் ஹதமோத்தோக்களுக்கும் இடையிலான மானப் பிரச்சினையாக வளர்ந்தது. 1632இல் பிரபு அம்மை கண்டு இறந்தார். மதகோரோவின் தலை வேண்டும் என்பதே அவருடைய கடைசி விருப்பமாக இருந்தது. கெந்தயூவின் அண்ணன் கசுமா ஊரைவிட்டுப் புறப்பட்டார். அன்றைய வழக்கப்படி பழிதீர்ப்பது தகப்பனுக்காக, அண்ணனுக்காக. தம்பிக்காக அண்ணன் வாளெடுப்பது வழக்கத்தில் இல்லாதது. இறந்த பிரபுவின் கட்டளைதான் அவரை நடத்தியது.

கசுமாவுக்கு வாள் வராது. இதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் காரணம் இதுதான். தன் சகோதரியின் கணவரான மதாயெமோனிடம் துணை கேட்டார். மதாயெமோன் யமாதோ கோரியாமாவில் வாள் ஆசிரியர். வேலையை விட்டுவிட்டு வந்தார். எதிர்ப்பக்கத்தில் மதகோரோவுக்குத் துணையாக வந்த அவனுடைய சித்தப்பா ஜின்சாயெமோனும் அதே கோரியாமாவில் வாள் ஆசிரியராக இருந்தவர். ஒரே அரண்மனையில் பாடம் சொன்ன இருவர் எதிரெதிரே நின்றார்கள்.

இதற்கிடையே நாராவுக்கு வந்து ஒளிந்திருந்த மதகோரோ, அங்கிருந்து மறுபடி எதோவுக்குத் தப்பப் புறப்பட்டபோது அவனோடு மொத்தம் 11 பேர். மதாயெமோன் தரப்பில் நாலே பேர்: அவர், கசுமா, மதாயெமோனின் ஆட்களான புயெமோன், மகோயெமோன்.

நான் இகாவுக்குப் போனது கமெயாமாவிலிருந்து, மலையைக் குடைந்தும் வளைந்தும் போகும் கன்சாய்ப் பாதையின் டீசல் ரயிலில். ஊருக்குள் நுழைந்ததும் கண்ணில் படுவது தோதோ தகதோரா எழுப்பிய கோட்டையின் கல்சுவர். ஏறக்குறைய 30 மீட்டர் உயரம். நிஞ்ஜா பொம்மைகளுக்காகவும், 1644இல் அங்கே பிறந்த பாஷோவுக்காகவும் வருகிறவர்கள்தான் அதிகம். ஊரின் மேற்கு விளிம்பில் இருக்கும் காகியா சந்திக்கு வருகிறவர்கள் குறைவு. நாராவிலிருந்து வரும் சாலை ஊரைத் தொடும் இடம் அது. அங்கே நின்று பார்த்தபோதுதான் எனக்குப் பாதி சண்டை விளங்கியது. மதாயெமோன் பிறந்தது அதே இகாவில், அராகி என்ற கிராமத்தில். அவர் தெரிந்த மண்ணைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். நீண்ட பயணத்தில், முந்தின இரவு வழிச் சத்திரத்தில் தங்கி, குளிரில் குதிரை ஏறி, வரிசையாக நீண்டு வருகிற கூட்டம் அது. மாறாக இவர்கள் தேநீர்க்கடையில் அமர்ந்து காத்திருந்தார்கள். பதினொரு பேர் ஓரிடத்தில் வட்டமாக நின்றால் அது பதினொன்று. சாலையில் நீளமாக வந்தால், முன்னால் இருப்பவன் மேல் வாள் விழும்போது பின்னால் இருப்பவனுக்கு என்ன நடக்கிறது என்றே தெரியாது.

நவீன நாட்காட்டிப்படி டிசம்பர் 26, காலை. மதாயெமோன் முதலில் பாய்ந்தது குதிரைமேல் இருந்த ஜின்சாயெமோன் மீது. காலை வெட்டினார். விழுந்தவரை எழ விடவில்லை. எதிரணியின் மிகச் சிறந்த வாள், சண்டை தொடங்கியதே புரியாத நேரத்தில் முடிந்துபோனது. அடுத்தவர் சகுராய் ஹான்பெய், ஈட்டியில் பேர்பெற்றவர். திறந்த சாலையில் ஈட்டிக்காரன் ஒருவன் இருந்தால் நாலு வாள்களும் அவனை நெருங்க முடியாது. எனவே புயெமோனும் மகோயெமோனும் ஹான்பெய்யின் ஈட்டியைச் சுமந்து வந்த ஆளைத் தடுத்தார்கள். ஈட்டி கைக்கு வரவேயில்லை. வெறும் வாளோடு ஹான்பெய் நிற்கும்போது மதாயெமோன் வந்து சேர்ந்தார்.

இதில் வீரம் எங்கே என்று கேட்பவர்கள் உண்டு. ஈட்டி சுமப்பவனைத் தடுப்பதா என்று. என்னைக் கேட்டால், அந்தக் காலையின் மிகத் தெளிந்த செயல் அதுதான், அதைச் செய்தவர்கள் பெயர் பெறாத இருவர். அவர்களில் புயெமோன் அன்று உயிரோடு திரும்பவில்லை. 36 பேரை ஒருவரே கொன்ற கதையில் அவருக்கு இடமில்லை.

ஜின்சாயெமோனும் ஹான்பெய்யும் சாய்ந்ததும் மற்றவர்கள் சிதறி ஓடத் தொடங்கினார்கள். கூலிக்கு வந்த சுமையாட்களும் வேலைக்காரர்களும் வேறென்ன செய்வார்கள்? பலர் ஒருவரைச் சூழும்போது அந்தப் பலரின் பலம் அவர்களில் ஓரிருவரின் நம்பிக்கையில் நிற்கிறது. அந்த ஓரிருவரை முதலில் எடுத்துவிட்டால் மீதிப்பேரை வெட்ட வேண்டிய தேவையே இல்லை. மதாயெமோனின் இரண்டு அப்படி எடுத்த இரண்டு.

இனிதான் கதை சொல்லிகள் அவசரமாகத் தாண்டும் பகுதி வருகிறது. மதகோரோவைச் சூழ்ந்து, ஓட விடாமல் நிறுத்திவிட்டார்கள். ஆனால் அவனைக் கொல்ல வேண்டியவர் கசுமா, அதுதான் முறை. மதாயெமோன் நினைத்திருந்தால் சில நொடிகளில் முடித்திருக்கலாம். விலகி நின்றார். வாள் பழகாத இரண்டு இளைஞர்கள், ஒருவர் எதிரே ஒருவர். அந்தச் சண்டை ஐந்து மணி நேரம் நடந்தது. கடைசியில் கசுமாவின் வாள் மதகோரோவைக் காயப்படுத்தி வீழ்த்த, மதாயெமோன் வந்து முடித்துவைத்தார்.

ஐந்து மணி நேரம் என்று படித்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. கெண்டோவில் ககாரிகெய்கோ என்றொரு பயிற்சி உண்டு. நிறுத்தாமல், மூச்சு வாங்காமல், முழு வேகத்தில் தாக்கிக்கொண்டே இருக்க வேண்டும். அரை நிமிடம்தான். அதற்குள் தோள் கல்லாகிவிடும். முகக்கவசத்துக்குள் காற்றே இல்லாததுபோல் இருக்கும். இத்தனைக்கும் கையில் இருப்பது அரைக் கிலோ மூங்கில் வாள். உண்மையான வாள் ஒரு கிலோவுக்கு மேல். முழுவேகத்துக்குத் தேவையான உடனடிச் சக்தி தசையில் ஏறக்குறைய பத்து வினாடிக்குத்தான் இருக்கும். அதற்குமேல் உடம்பு கடன் வாங்கத் தொடங்கும். ஓரிரு நிமிடங்களில் அந்தக் கடனும் தீரும். அதனால்தான் சண்டையை விளையாட்டாக்கியவர்கள் எல்லாரும் நேரத்தைச் சிறியதாக வெட்டினார்கள். குத்துச்சண்டைக்கு மூன்று நிமிடச் சுற்று, வாள்போட்டிக்கு மூன்று நிமிடம், கெண்டோவுக்கு ஐந்து நிமிடம்.

அப்படியானால் அந்த இருவரும் ஐந்து மணி நேரம் என்னதான் செய்தார்கள்? நின்றிருப்பார்கள். வாளை நீட்டியபடி, எட்டாத தூரத்தில், ஒருவர் மூச்சை மற்றவர் கேட்டபடி நின்றிருப்பார்கள். ஒரு பாய்ச்சல், ஒரு சிராய்ப்பு, மறுபடி பின்வாங்கல். பயிற்சி இல்லாதவன் வாளை விரல் வெளுக்க இறுக்கிப் பிடிப்பான்; தோளால் தூக்குவான்; பயத்தில் மூச்சை அடக்குவான். வெட்டாமல் நிற்கும்போதே அவன் களைத்துப்போவான். பயிற்சி உள்ளவனுக்கு வாய்ப்பது அதிக பலம் என்று நினைக்கிறோம். என் அனுபவத்தில் அவனுக்கு வாய்ப்பது செலவு குறைவு. எங்கள் கெண்டோ ஆசிரியர், ஓய்வுபெற்ற போலீஸ்காரர், எழுபதைத் தாண்டியவர், இருபது வயதுப் பையன்களை வரிசையாகக் களைக்க வைப்பார். மூச்சை மறைத்துக்கொள் என்பதுதான் அவர் ஓயாமல் சொன்ன பாடம். மூச்சை இழுக்கும் கணத்தில் உடம்பால் தாக்க முடியாது. எதிரி அந்தக் கணத்துக்குத்தான் காத்திருப்பான். கசுமாவுக்கும் மதகோரோவுக்கும் இதைச் சொல்லித்தர யாருமில்லை. உயிரோடு இருக்க வேண்டும் என்ற ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு அவர்கள் ஐந்து மணி நேரம் நின்றார்கள். அதைவிடப் பெரிய தாக்குப்பிடிப்பை வாள் வரலாற்றில் நான் படித்ததில்லை.

ஒருவர் பலரோடு மோதினால் உடம்பு எதுவரை போகும் என்பதை வேண்டுமென்றே சோதித்துப் பார்த்தவர் ஒருவர் உண்டு: யமவோகா தெஷ்ஷு. 1880களில் தோக்கியோவில் அவர் நடத்திய ஷுன்புகான் கூடத்தில் செய்கான் என்றொரு நோன்பு இருந்தது. ஆயிரம் நாள் இடைவிடாமல் பயின்றவர் அதற்குத் தகுதி பெறுவார். ஒரே நாளில் 200 ஆட்டம். எதிரே வருபவர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், இவர் மட்டும் மாறாமல் நிற்க வேண்டும். அடுத்த படி மூன்று நாளில் 600. அதற்கும் மேலே ஏழு நாளில் 1,400. அதை முடிக்கும்போது கை கால் வீங்கி, வாளைப் பிடிக்கவே விரல் மடங்காமல் போகும். தெஷ்ஷு தேடியது அந்த இடத்தைத்தான்: உடம்பின் பலம் முழுக்கத் தீர்ந்தபின் எஞ்சி நின்று வாள் வீசுவது எது என்று பார்ப்பது. ஆனால் கவனிக்க வேண்டும். அங்கேயும் எதிரிகள் ஒவ்வொருவராகத்தான் வந்தார்கள், வாளும் மூங்கில்தான்.

உண்மையான இரும்போடு, ஒரே கூரைக்குள் பலரோடு மோதியவர்களின் சொல் வேண்டுமென்றால் கியோத்தோவுக்குப் போக வேண்டும். 1864 ஜூலை 8ஆம் தேதி இரவு. கியோன் திருவிழாக் காலம். அந்த ஊரின் ஜூலைப் புழுக்கத்தை அனுபவித்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஷோகுன் தரப்புக் காவல்படையான ஷின்செங்குமியின் தலைவர் கொண்டோ இசாமி, இகெதயா என்ற சத்திரத்தில் கூடியிருந்த இருபதுக்கும் மேற்பட்ட கிளர்ச்சியாளர்கள் மீது பாய்ந்தார். முதலில் உள்ளே நுழைந்தவர்கள் அவரோடு சேர்த்து நாலே பேர். ஒடுங்கிய படிக்கட்டு, தாழ்ந்த கூரை, இருட்டு. அந்த ஒடுக்கம்தான் அவர்களைக் காப்பாற்றியது, ஒரே நேரத்தில் இருவருக்கு மேல் அவர்கள்முன் வர முடியவில்லை.

பிறகு கொண்டோ தன் வளர்ப்புத் தந்தைக்கு எழுதிய கடிதம் கிடைத்திருக்கிறது. வெற்றிச் செய்தி என்றாலும் அதில் உடைந்த இரும்பின் பட்டியலும் உண்டு. அவரோடு முதலில் நுழைந்த மூவரில் நககுராவின் வாள் முறிந்தது. ஒகிதாவின் வாள் முனை உடைந்தது. தோதோ ஹெய்சுகேயின் வாள் நுனி சிதறிய மூங்கில்போல் ஆகிவிட்டது. தன்னுடையது மட்டும் தப்பியது என்கிறார். ஒகிதா சோஜி, அந்தப் படையின் மிகச் சிறந்த வாள், சண்டை நடுவே சுருண்டு விழுந்தார். காசநோயா, வெப்பமா என்று இன்றும் வாதிடுகிறார்கள். தோதோ வெக்கை தாங்காமல் நெற்றிக் கவசத்தைக் கழற்றியிருக்கிறார்; அந்த நெற்றியிலேயே வெட்டு வாங்கினார். நாலு பேரில் ஒருவர் மயங்கினார், ஒருவர் நெற்றி பிளந்தது, ஒருவர் கையில் காயம். இன்னொரு பிரிவு வந்து சேராமல் இருந்திருந்தால் அந்தக் கடிதத்தை எழுத ஆள் இருந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

மியமோட்டோ முசாஷி தம் கடைசிக் காலத்தில் எழுதிய ஐந்து சுருள்களின் நூலில் பலரை எதிர்ப்பது பற்றி ஒரு சிறு பகுதி உண்டு. அதில் வேகமும் பலமும் பெரிதாகப் பேசப்படவில்லை. நாலு பக்கமும் வருகிறவர்களை ஒரே பக்கமாக ஓட்டு; மீனை நாரில் கோத்ததுபோல் ஒருவர்பின் ஒருவராக வரச்செய்; அவர்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவியும்போது வெட்டு; நீயாகக் காத்து நிற்காதே என்பதுதான் அதன் சாரம். மதாயெமோன் சாலையையே அந்த நாராக ஆக்கிக்கொண்டார். கொண்டோவுக்கு அது ஒரு படிக்கட்டு.

1952இல் அகிரா குரோசாவா இகா சம்பவத்துக்குத் திரைக்கதை எழுதினார். மோரி கசுவோ இயக்க, தோஷிரோ மிஃபுனே மதாயெமோனாக நடித்தார். படம் தொடங்கும்போது, மிஃபுனே கதை சொல்லிகளின் பாணியில் ஆட்களை வெட்டித் தள்ளுவார். பார்ப்பவர் ரசிக்கத் தொடங்கும் நேரத்தில் படம் அதை நிறுத்தி, நடந்தது இப்படியல்ல என்று மறுபடி தொடங்கும். அதன் பிறகு பெரும்பகுதி தேநீர்க்கடையில் காத்திருப்பதுதான். வறண்ட நாக்கு, நடுங்கும் கை, கதவிடுக்கு வழியே தெரியும் சாலை. இரண்டு ஆண்டு கழித்து வந்த ‘ஏழு சாமுராய்’ படத்தில், கிகுச்சியோ சண்டைக்கு முன் வாள்களை மண்மேட்டில் வரிசையாகக் குத்தி வைப்பார். குதிரைக் கொள்ளையரை ஒருவர், இருவர் என்று மட்டும் உள்ளே விட்டு வழியை அடைப்பார்கள். சந்தியில் ஈட்டியைத் தடுத்த கைகள்தான் அங்கே கிராமத்து விவசாயிகளின் கைகளாக மாறியிருக்கின்றன என்று எனக்குத் தோன்றும்.

மதாயெமோனின் வாளும் அன்று உடைந்தது. மதகோரோவைக் காக்க ஒரு வேலைக்காரன் பின்னாலிருந்து மரவாளால் அவர் இடுப்பில் அடித்தான். இரண்டாவது அடியைத் திரும்பி வாளால் தடுத்தபோது இரும்பு முறிந்தது. பெயர் பெற்ற இரண்டு வீரர்களை வீழ்த்தியவரைத் தொட்டது, யார் கண்ணிலும் படாமல் நின்ற ஒருவனின் மரக்கட்டை. அவ்வளவு பெரிய காரியத்துக்குப் புதிதாக அடித்த வாளை எடுத்துப் போனது கவனக்குறைவு என்று இகாவை ஆண்ட தோதோ குடும்பத்து வீரர் ஒருவர் குறை சொன்னாராம். மதாயெமோன் கோபப்படவில்லை, அவரிடமே மாணவராகச் சேர்ந்தார் என்று சொல்கிறார்கள்.

பழிதீர்த்தபின் அவரும் கசுமாவும் ஏறக்குறைய நாலு ஆண்டு தோதோக்களின் காவலில் இருந்தார்கள். 1638இல் இகெதாக்களின் புதிய ஊரான தொத்தோரிக்கு அனுப்பப்பட்டார்கள். போய்ச் சேர்ந்த சில நாட்களிலேயே மதாயெமோன் இறந்துவிட்டதாக அறிவித்தார்கள். காரணம் சொல்லவில்லை. நஞ்சா, அல்லது பகைவர் கண்ணிலிருந்து மறைக்கச் சொன்ன பொய்யா என்று இன்றும் பேசுகிறார்கள். கல்லறை தொத்தோரியின் கெஞ்சூஜி கோயிலில் இருக்கிறது. 1783இல் சிகமாத்சு ஹான்ஜி அவர் கதையை ஒசாகாவின் பொம்மலாட்ட மேடைக்குக் கொண்டுவந்தபோது, அவர் இறந்து ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு ஆகியிருந்தது.

அந்தச் சந்தியின் கதையை இப்போது என்னிடம் கம்பு பழக வரும் பையன்களுக்குச் சொல்கிறேன். எத்தனை பேரை அடித்தார் என்றுதான் முதலில் கேட்பார்கள். புயெமோன், மகோயெமோன், கசுமா ஆகிய பெயர்களைச் சரியாக உச்சரிக்கக் கற்றுக்கொடுத்த பிறகுதான் அதற்குப் பதில் சொல்வேன்.